அப்பா நடந்த பாட்டுகள்

தம்பி,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை ஐஸ் நடனத்துக்காக இடையில் விட்டவன் நீ. அதனால் இதை ஒரேயடியாக வாசிக்க வேண்டாம். ரெயிலில் கொஞ்சம், போய்ச் சேர்ந்து பெட்டி எல்லாம் பிரித்த பிறகு கொஞ்சம் என்று மெதுவாக வாசி. ஜெர்மனில் எழுதியிருக்கலாம். ஆனால் என்னுடைய ஜெர்மன் விண்ணப்பம் எழுதவும் டொக்டரிடம் டெர்மின் நாள் மாற்றவும் மட்டும்தான் காணும். இதை அந்த மொழியில் எழுத எனக்கு வராது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டிரெஸ்டனில் ஐஸ் நடனம் பழகுகிற சின்னப் பிள்ளைகளுக்கு ட்ரெயினராகப் போகிறாய், இத்தனை வருசத்துக்குப் பிறகு திரும்பவும் அந்தச் சப்பாத்தைப் போடப்போகிறாய் என்ற சந்தோசத்தில் கேட்டுவிட்டேன். "பிள்ளையளுக்கு என்ன பாட்டுப் போடப்போறாய்?" என்று கேட்டேன். "சங்கம் குடுக்கிற பாட்டுத்தான்" என்றாய். "அது உனக்கே பிடிக்காதே" என்றேன். "பிடிக்கத் தேவையில்லை அம்மா. தாளம் சரியா இருந்தாக் காணும். அந்தப் பழைய பாட்டுகள் ஒண்டும் எனக்கு வேண்டாம். அதுகளைப் பற்றி நீங்கள் கதைக்காதேங்கோ." அந்த 'நீங்கள்' என்ற சொல்லை நீ அழுத்திச் சொன்ன விதம் எனக்குப் புதிதில்லை. அப்பாவின் செத்தவீடு முடிந்து அவருடைய அறையைத் துப்புரவாக்கிய நாளிலிருந்து அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நீ குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். நான் உன்னுடைய கம்பளிச் சட்டையை மடித்தேன், பிரித்தேன், திரும்பவும் மடித்தேன். அன்றைக்கே எழுதுவதென்று முடிவெடுத்துவிட்டேன்.

நீ லேனாவோடு சேர்ந்து ஆடத் தொடங்கியபோது உனக்குப் பதின்மூன்று வயது. ஐஸ் நடனம் என்றால் டிவியில் காட்டுகிற மாதிரிப் பெண்ணைத் தூக்கி எறிந்து பிடிப்பது என்று நினைத்து நான் பயந்தேன். "எறியிறதில்லை அம்மா. ரெண்டு பேரும் கை பிடிச்சுக்கொண்டு ஒரே கோலத்தைத் திருப்பித் திருப்பி ஐஸிலை போடுறது. எந்த இடத்திலை எந்தக் கால் எண்டு முதலே எழுதிவச்சிருக்கு" என்று நீ விளங்கப்படுத்தினாய். பிறகு நானும் அப்பாவும் வந்து பார்த்தோம். நீ சொன்னது சரிதான். ஒரே வளைவு, ஒரே திருப்பம், ஒரே இடத்தில் கால் மாற்றம். ஆனால் அதற்கு உங்கள் ட்ரெயினர் போட்ட பாட்டு இருக்கிறதே! யாரோ அக்கோர்டியன் வாசித்த பழைய வால்ஸ். அந்த மண்டபத்து ஒலிபெருக்கியில் அது தகரப்பேணிக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. குளிர்காலம் முழுக்க அதே பாட்டு. அப்பா கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துக்கொண்டு என் காதுக்குள் சொன்னார், "செத்தவீட்டுக்கு வந்த மாதிரிக் கிடக்குது. பிள்ளையள் எப்பிடி இதுக்குச் சிரிச்சுக்கொண்டு ஆடுங்கள்?"

நீங்களும் சிரிக்கவில்லை. லேனாவின் முகம் பல்லுக் கொதிக்காரர் முகம் போலத்தான் இருந்தது. கடைசியில் அவள் துணிந்து ட்ரெயினரிடம் கேட்க, "வேறு பாட்டு வேண்டுமென்றால் நீங்களே தேடிக்கொண்டு வாருங்கள். வேகம் இம்மியும் பிசகக் கூடாது. நடுவில் தாளம் மாறக் கூடாது" என்று அந்த மனுசி சொல்லிவிட்டார். அதிலிருந்து எங்கள் குசினி மேசைதான் உங்கள் ஆராய்ச்சிக்கூடம். நீ ஃபோனில் பாட்டைப் போட்டு, விரலால் தட்டித் தட்டி வேகம் பார்ப்பாய். நான் எனக்குத் தெரிந்த தமிழ்ப் பாட்டெல்லாம் சொன்னேன். பல்லவி சரியாக வரும். சரணத்துக்குப் போனதும் தபேலாக்காரர் வேறு பக்கம் போய்விடுவார். நீ தலையில் கை வைப்பாய். ஒரு நாள் எங்கள் கலியாண வீடுகளில் ஆடுகிற பைலாப் பாட்டொன்றைக் கொண்டுபோய் ஐஸில் போட்டு, அது ஓடின ஓட்டத்துக்குக் கால் பின்னி லேனா உன்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். எழும்ப முடியாமல் இரண்டு பேரும் ஐஸில் கிடந்து சிரித்தீர்கள். ட்ரெயினரும் சிரித்தார். அந்த மனுசி சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அப்பாவுக்குத் தாளம் ஒன்றும் தெரியாது. கோயிலில் பஜனைக்குக் கை தட்டினாலும் பிழையாகத்தான் தட்டுவார். ஆனால் நீ கண்டுபிடிக்கிற பாட்டு ஒவ்வொன்றையும் அவருக்குப் போட்டுக் காட்டுவாய். "வேகம் சரி அப்பா. கேக்க நல்லா இருக்கோ?" என்பாய். அவர் கண்ணை மூடிக் கேட்பார். "இது வேண்டாம், அழுகுது" என்பார். "இது நல்ல பாட்டு, இதுக்கு நானே ஆடுவன்" என்பார். தேநீர்க் கோப்பையைப் பிடித்திருக்கிற அவருடைய வலது கை அப்போதே நடுங்கத் தொடங்கியிருந்தது. பிஸ்கட் தொழிற்சாலையில் வருசக்கணக்காகப் பெட்டி அடுக்கின களைப்பு என்றுதான் நாங்கள் நினைத்தோம். பார்க்கின்சன் என்று டொக்டர் சொன்னபோது அவருக்கு ஐம்பதுகூட ஆகவில்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் நீயும் கண்டதுதான். முதலில் கை, பிறகு முகம், பிறகு கால். நடந்துகொண்டே வருவார், வாசற்படியைக் கண்டதும் நின்றுவிடுவார். கால் நிலத்தில் ஒட்டிப்போன மாதிரி. பின்னால் போய்த் தள்ளவும் ஏலாது, முன்னால் நின்று இழுக்கவும் ஏலாது. ஒரு பின்னேரம் சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் அப்படி நின்றார். நெற்றியில் வியர்வை. நான் "வாங்கோ, மெல்ல வாங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ உன் அறைக்குள்ளே ஒரு டாங்கோவைச் சத்தமாகப் போட்டாய். எந்த நாட்டுப் பாட்டோ, ஒரு பெண் தொண்டை கட்டின குரலில் பாடுவாள். அந்தப் பாட்டுத் தொடங்கின உடனே அப்பாவின் கால் எழும்பியது. ஒன்று, இரண்டு என்று எட்டு வைத்து நேரே மேசைக்கு வந்துவிட்டார். கோப்பையை வைத்தார். அவருக்கே பயமாக இருந்தது. "என்ன நடந்தது?" என்று என்னிடம் கேட்டார்.

அப்படி நடக்கும் என்று அப்பாவுக்கு நடைப் பயிற்சி கொடுக்கிற பெண்மணி பிறகு சொன்னாள். மூளை சொல்லிக் கேளாத கால் சிலவேளை தாளம் சொன்னால் கேட்குமாம். நீ அதைப் பிடித்துக்கொண்டாய். எல்லாப் பாட்டையும் அவருக்குப் போட்டுப் பார்த்தாய். வால்ஸ் சரிவரவில்லை. மூன்றாவது தட்டுக்கு எந்தக் காலை வைப்பதென்று தெரியாமல் நின்றுவிடுவார். இரண்டிரண்டு தட்டாகப் போகிற டாங்கோவும் ஃபொக்ஸ்ட்ரொட்டும் சரிவந்தன. அதிலிருந்து நீ தேடின பாட்டெல்லாம் இரண்டு பேருக்காகத்தான். உங்கள் கோலத்துக்கும் வேகம் சரியாக வரவேண்டும், அப்பாவின் எட்டுக்கும் சரியாக வரவேண்டும், கேட்கவும் நன்றாக இருக்கவேண்டும். அப்படி ஒரு பாட்டுக் கிடைத்தால் நீ அறையிலிருந்து ஓடி வருவாய். அந்த ஒரு குளிர்காலம் அப்பா உன்னோடு ஐஸ் மண்டபத்துக்கு வந்தார். உள்ளே நீயும் லேனாவும். வெளியே வேலிக்கரையில், றப்பர் விரித்த பாதையில், அதே பாட்டுக்கு அப்பா. தடித்த ஜக்கெற்றும் தொப்பியும் போட்டுக்கொண்டு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், ஆனால் நிற்காமல் நடந்தார். மற்றப் பிள்ளைகளின் தாய்மார் பார்த்தார்கள். அவர் கவனிக்கவில்லை. நானும் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

அது ஒரு குளிர்காலம்தான் தம்பி. அடுத்த வருசம் பாட்டுக்குக் கால் எழும்புவது குறைந்தது. எழும்பினால் நிற்கத் தெரியாது. உனக்குப் பரீட்சை ஆட்டம் இருந்த அந்தக் காலை, உன் நித்திரையைக் குழப்பக் கூடாது என்று பாட்டுப் போடாமல் தனியே எழும்பிப் போய்க் குளியலறையில் விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது. பாட்டு இருந்திருந்தால் விழுந்திருக்கமாட்டார் என்று நீ நம்பினாய். ஆஸ்பத்திரியில் டொக்டர் வேறு விதமாகச் சொன்னார்: இந்தப் பார்க்கின்சன் வருத்தத்தில் விழுவது வரும், எப்படியும் வரும். நீ அதைக் கேட்டாய், ஆனால் ஏற்கவில்லை. உன் முகத்தில் எனக்கு அது தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் நடக்கவே இல்லை. நான் ஆஸ்பத்திரி லொண்டரியில் விடியற்காலை வேலை. நீ ஆவுஸ்பில்டுங்கில் தொழில் பழகிக்கொண்டிருந்தாய். காலையும் மத்தியானமும் தாதிமார் வந்து போவார்கள். மற்ற நேரம் முழுக்க நான்தான். தூக்குவது, கழுவுவது, சாப்பாட்டை மசித்துத் தீத்துவது. ஒரு நாள் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது என் முதுகில் ஏதோ பிடித்து இரண்டு பேரும் நிலத்தில் கிடந்தோம். நீ வேலை முடிந்து வருமட்டும் அப்படியே கிடந்தோம். அப்பா என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகுதான் நான் அவரை வருத்தக்காரரை வைத்துப் பார்க்கிற ஹைமில் சேர்த்தேன். கோயிலில், "புருசனை வெள்ளைக்காரன்ரை கையிலை குடுத்திட்டு இவ பூ வச்சுக்கொண்டு வாறா" என்று ஒரு மனுசி என் முதுகுக்குப் பின்னால் சொன்னாள். அது பரவாயில்லை. "அவரை எறிஞ்சு போட்டீங்கள் அம்மா" என்று நீ சொன்னதுதான் உள்ளே போய் நின்றது. எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

நீ ஒரு சின்ன ஒலிபெருக்கி வாங்கி, அந்தப் பாட்டுகளை எல்லாம் அதில் போட்டு, ஹைமில் அவருடைய கட்டில் தலைமாட்டில் வைத்தாய். ஒவ்வொரு நாள் காலையும் போட்டுவிடவேண்டும் என்று தாதிமாரிடம் சொன்னாய். அவர்களும் நல்ல பிள்ளைகள், மறக்காமல் போட்டார்கள். சனி ஞாயிறுகளில் நீ வந்து நீயே போடுவாய். அப்பா உன்னைப் பார்த்துச் சிரிப்பார். முகம் முழுக்கச் சிரிக்க அவருக்கு ஏலாது, ஒரு பக்க வாய் மட்டும் மெல்ல மேலே போகும். நீ அவருடைய காலைப் பிடித்துப் பாட்டுக்கேற்ற மாதிரி மடக்கி நீட்டுவாய்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்லுகிறேன்.

ஒரு புதன்கிழமை நான் வேலை முடிந்து நேரே அங்கே போனேன். பாட்டுப் போய்க்கொண்டிருந்தது, அந்தத் தொண்டை கட்டின பெண்ணின் டாங்கோ. அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்து தலையணை நனைந்திருந்தது. நான் துடைத்தேன். அவர் ஏதோ சொன்னார். அவருடைய குரல் அப்போது மூச்சளவுதான். குனிந்து காதை வைத்துக் கேட்டேன்.

"நிப்பாட்டும்."

"என்ன, சத்தம் கூடிப்போச்சோ?"

"நிப்பாட்டும் அதை."

நிப்பாட்டினேன். அவர் ஒவ்வொரு சொல்லாக, இடையில் எச்சில் விழுங்கி விழுங்கிச் சொன்னார். "கேட்ட உடனை கால் எழும்பப் பாக்குது. உள்ளுக்கை எல்லாம் வெளிக்கிடுது. ஆனா கட்டில்லை கிடக்கிறன். ஒவ்வொரு நாளும் காலமை அந்தப் பெட்டையள் போட்டிட்டுப் போகினம். நான் சொல்லுறது அவையளுக்கு விளங்குதில்லை. முடியுமட்டும் கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

எத்தனை காலை அப்படிக் கிடந்தாரோ எனக்குத் தெரியாது. நான் அவரிடம் கேட்கவில்லை.

"தம்பியிட்டைச் சொல்லுறன்" என்றேன். அவருடைய கை என் விரலைப் பிடித்தது. அந்த வருத்தக்காரருக்கு அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்ததோ. "வேண்டாம். அவன் தேடித் தேடி எடுத்தவன். அவன் வரேக்கை போடட்டும். அவனோடை இருந்து கேப்பன்."

அதிலிருந்து தாதிமாரிடம் சொல்லி நிறுத்திவிட்டு, திங்கள் முதல் வெள்ளிவரை அதை அலுமாரிக்குள் துவாயில் சுற்றி வைத்தேன். சனிக்கிழமை நீ வருவதற்கு முன் எடுத்துத் தலைமாட்டில் வைப்பேன். நீ வந்து போடுவாய். அவர் சிரிப்பார். அது நடிப்பென்று நினைத்துவிடாதே. அந்தச் சிரிப்பு உனக்காக வந்தது. உன்னைக் கண்டால் அந்த வாய் தானாகவே மேலே போகும், பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். நீ வாசலுக்கு வரமுன்னமே உன் சப்பாத்துச் சத்தத்துக்கு மேலே போய்விடும்.

கடைசிச் சனி ஞாயிறு நீ வரவில்லை, லேனாவோடு போட்டிக்குப் போயிருந்தாய். அதனால் ஒலிபெருக்கி அலுமாரியிலேயே இருந்தது. செத்தவீட்டுக்குப் பிறகு நீதான் அதை எடுத்தாய். பற்றரி முழுக்க இறங்கியிருந்தது. துவாயோடு அதைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். "நீங்கள் போட்டுக் குடுக்கவே இல்லை, என்ன?" என்று கேட்டாய். "ஓம், போடேல்லை" என்றேன். அந்தக் கிழமையே நீ ஐஸை விட்டாய். லேனா அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தாள், நீ அறைக் கதவைத் திறக்கவில்லை. பிறகு அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

அப்பா சொல்ல வேண்டாம் என்றதால் சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்வது உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. இதுவரை என்மேல் கோபப்பட உனக்கு ஒரு காரணம் இருந்தது. அதையும் எடுத்துவிட்டு, நீ அன்போடு செய்த ஒன்று அவரை வருத்தியது என்ற செய்தியைக் கையில் தருகிறேன். இது பாரமான செய்தி. ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்காத பாட்டே காணும் என்று நீ சொன்னபோது, என்மேலும் உன்மேலும் உள்ள கோபத்தை முகம் தெரியாத குழந்தைகளிடம் கொண்டுபோகிறாய் என்று எனக்குத் தோன்றியது. அது கூடாது. அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல பாட்டாகத் தேடிக் கொடு. நீ தேடினால் கிடைக்கும், அது உனக்கு வரும். பைலா போட்டு விழட்டும், சிரிக்கட்டும். ஒரு பிள்ளை நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டு. சொல்ல வாய் வராத பிள்ளையும் இருக்கும். பாட்டுப் போகும்போது காலை மட்டும் பாராதே, முகத்தையும் பார். நீயும் நானும் அந்த நல்ல தாதிமாரும் அப்பாவின் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாசித்து முடிந்ததும் இதை வேறு யாருக்காவது காட்ட விரும்பினால் காட்டு. எங்கள் ஆட்களில் இப்போது எத்தனையோ பேர் தாயையோ தகப்பனையோ ஹைமில் விட்டுவிட்டு, யாருக்கும் சொல்லாமல் திரிகிறார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தக் கடைசி ஞாயிறு பின்னேரம் நான் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். வெளியே தோட்டத்தில் யாரோ கதைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு அதுவும் நின்றுவிட்டது. நித்திரை என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார், "தம்பி வெண்டிட்டானோ?"

"இன்னும் தெரியாது. முடிஞ்ச உடனை ஃபோன் எடுப்பான்" என்றேன்.

"கேட்டுச் சொல்லும்" என்றார்.

நீ ஃபோன் எடுத்தபோது அவர் போய் அரைமணித்தியாலம் ஆகியிருந்தது. நீ "அம்மா" என்று மூச்சு வாங்கிக்கொண்டு தொடங்கினாய். உன்னைப் பேசவிடாமல் நான் செய்தியைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நீங்கள் எத்தனையாம் இடம் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை. இத்தனை வருசமாக அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கேட்கிறேன். எத்தனையாம் இடம், தம்பி?

அம்மா